எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை? கொல்கத்தா தரும் பதில்

கொல்கத்தா: எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவர் அதை ஏன் வெளியே சொல்வதில்லை? இந்நோய் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் முதலில் எழும் கேள்வி இது. பெரும்பாலும் அது குற்றச்சாட்டாகவே எழுகிறது. சொல்லாதவர் மறைத்தவர், மறைத்தவர் ஏமாற்றியவர் என்ற முடிவு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆனால் இந்திய நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. தனது தொற்று நிலையை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்த ஆண்டு நிறைவேறிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் கூறுகிறது. நீதி வழங்க அது அவசியம் என்று நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டுமே விதிவிலக்கு உண்டு. சொல்வதா, சொல்லாமலிருப்பதா என்பது அந்த மனிதரின் உரிமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நாட்டில் முதல் தொற்று கண்டறியப்பட்டது முதல், உண்மை வெளியானபோதெல்லாம் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தொற்றுக்கு ஆளானவர்களே. மேற்கு வங்கத் தலைநகரின் முப்பதாண்டு கால அனுபவம் இந்த உண்மையின் இரு பக்கங்களையும் காட்டுகிறது.

ஒரே சாலையில் மூன்று இடங்கள்

மத்திய கொல்கத்தாவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சித்தரஞ்சன் அவென்யூவில் இரண்டு பழமையான நிறுவனங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. மாநிலத்தில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு நெடுங்காலமாக முக்கிய மையமாக விளங்கி வருவது. மற்றொன்று அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது நலவாழ்வு நிறுவனம். அதே சாலையில் மேலும் வடக்கே சென்றால் சோனாகாச்சி. பல்லாயிரம் பெண்கள் பாலியல் தொழில் செய்து வாழும் பகுதி அது.

1992ஆம் ஆண்டில் பொது நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தலைமையில் சோனாகாச்சியில் நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 'யாருக்கு நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தனிமைப்படுத்துங்கள்' என்பதே அன்று நாடெங்கும் எழுந்த குரல். சோனாகாச்சியில் அந்தப் பாதை மேற்கொள்ளப்படவில்லை. அங்கு வாழும் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தி, ஆணுறைப் பயன்பாட்டைப் பரப்பும் பணி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பெண்களின் அன்றாடச் சிக்கல்களான காவல்துறைத் தொல்லை, அடியாட்கள் மிரட்டல், கந்துவட்டி ஆகியவையும் திட்டத்தின் அங்கமாகக் கருதப்பட்டன. 1995ல் இந்தப் பெண்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற தங்கள் சொந்த அமைப்பை உருவாக்கினர். கட்டாய ரத்தப் பரிசோதனையை இந்த அமைப்பு தொடர்ந்து எதிர்த்து வந்துள்ளது.

இதன் விளைவு உலகின் கவனத்தை ஈர்த்தது. மும்பையின் பாலியல் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று இருப்பதாகக் கணிக்கப்பட்ட 1990களின் பிற்பகுதியில், சோனாகாச்சியில் அது பத்து சதவீதத்தைச் சுற்றியே நின்றது. யாருடைய பெயரும் பகிரங்கப்படுத்தப்படாமலேயே நோய்ப் பரவல் கட்டுக்குள் வைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஜானா 2021 மே மாதம் கொரோனா தொற்றால் காலமானார். அவரது வழிமுறை இன்று பல நாடுகளில் பாடமாக உள்ளது.

வெளிப்பட்டவர்களுக்கு நேர்ந்தது

சோனாகாச்சியின் பாதை ஏன் சரியானது என்பதைப் புரிந்துகொள்ள, நாட்டின் பிற பகுதிகளில் நடந்தவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ல் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில் ஆறு தொற்று இருப்பதைக் காட்டின. அவை மயிலாப்பூர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களுடையவை. அடுத்து வந்த ஆண்டுகளில், தொற்று இருப்பதாகத் தெரிந்த காரணத்தினாலேயே பெண்கள் காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்டனர். நீதிமன்றத்தை நாடிய பின்னரே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

கோவாவில் 1989ல் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் தாமாக முன்வந்து ரத்ததானம் செய்து வந்தவர். அந்த ரத்தத்தைப் பரிசோதித்தபோது தொற்று தெரிய வந்தது. காவல்துறையினர் அவரை அழைத்துச் சென்று, பயன்பாட்டில் இல்லாத காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் அடைத்து வைத்தனர். தொற்று உள்ளவர்களைத் தனிமைப்படுத்த அன்றைய கோவா பொதுச் சுகாதாரச் சட்டம் அனுமதித்தது. எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட வழக்கில், அச்சட்டம் செல்லும் என்றே மும்பை உயர்நீதிமன்றம் கூறியது. வேலையையும் இழந்த டிசோசா, எஞ்சிய நாட்களை இந்த உரிமைக்காகப் போராடுவதில் கழித்து 1992ல் மறைந்தார்.

வடகிழக்கு மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் வழக்கு சென்னையோடு தொடர்புடையது. உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னையிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு வந்த அவர், அங்கு ரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதனை முடிவு வெளியே கசிந்தது. 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவரது திருமணம் நின்றது. சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் ஊரைவிட்டே வெளியேறினார். ரகசியத்தைக் காக்கத் தவறிய மருத்துவமனையிடம் இழப்பீடு கோரி உச்சநீதிமன்றம் வரை சென்றார். 'எக்ஸ்' என்ற எழுத்தால் மட்டுமே குறிப்பிடப்படும் அந்த வழக்கில் 1998ல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. மணமகளின் உயிரைக் காக்க ரகசியம் மீறப்படலாம் என்று கூறியதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. நோய் குணமாகும் வரை அவரது திருமண உரிமை நிறுத்தி வைக்கப்பட்டதாகவே கருதப்படும் என்றும் அது கூறியது. அந்த வழக்கைத் தீர்க்கத் திருமண உரிமை பற்றிய கருத்துகள் தேவையற்றவை என்று 2002ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது. ஆனால் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் திருமணம் செய்துகொள்வதே சட்டவிரோதம் என்ற அச்சம் நாடெங்கும் பரவிவிட்டது.

தமிழகத்தில் சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்தது இன்னும் துயரமானது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர், இருபது வயதைக்கூட எட்டாத இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவுடன், தாம் கொடுத்த ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவரே முன்வந்து தெரிவித்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. தவறு பரிசோதனை செய்யத் தவறியவர்களுடையது. ஆனால் செய்தி பரவிய சில நாட்களில் அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30ஆம் தேதி மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் வாய் திறந்ததால்தான் பெண்ணுக்கு உடனடியாகச் சிகிச்சை தொடங்க முடிந்தது. பின்னர் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பரிசோதனையில் தெரிந்தது. 'ஏன் சொல்வதில்லை' என்று கேட்பவர்கள், சொன்ன அந்த இளைஞருக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்றாட வாழ்வின் கணக்குகள்

நீதிமன்றம் வரை சென்ற இந்த வழக்குகள் விதிவிலக்கானவை அல்ல. அவற்றின் சிறு வடிவங்கள் சிகிச்சை மையங்களின் வாசலில் நாள்தோறும் காணக்கூடியவை. சொந்த மாவட்டத்தில் மையம் இருந்தும், தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க வெளியூருக்குப் பயணம் செய்பவர்கள் உண்டு. மாத்திரைப் புட்டியின் மேலுள்ள சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்குச் செல்பவர்கள் உண்டு. வாடகை வீடு பறிபோகும், குழந்தையைப் பள்ளியில் தனியே உட்கார வைப்பார்கள், அறுவை சிகிச்சை என்றால் வேறு மருத்துவமனைக்குச் செல்லுமாறு கைகாட்டுவார்கள் என்ற அச்சங்கள் கற்பனையில் பிறந்தவை அல்ல. பலரும் கண்டும் கேட்டும் அறிந்தவை.

பெண்களின் நிலை மேலும் கடினமானது. கர்ப்ப காலத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுவதால், குடும்பத்தில் முதலில் தொற்று கண்டறியப்படுபவர் பல நேரங்களில் மனைவியாகவே இருக்கிறார். தொற்று கணவரிடமிருந்து வந்திருந்தாலும், முதலில் தெரிய வந்தவர் மீதே பழி விழுகிறது. கணவர் இறந்தால் புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்படுவதும், சொத்துரிமை மறுக்கப்படுவதும் தொடர்கின்றன. இத்தகைய பெண்ணிடம் 'உண்மையைச் சொல்' என்று வற்புறுத்துவது, அவள் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பணயம் வைக்கச் சொல்வதாகும்.

வேலையிழப்பு அச்சமும் உண்மையானது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர், பணி தருவதற்கு முன் நடத்தப்பட்ட பரிசோதனையில் தொற்று தெரிந்ததால் நிராகரிக்கப்பட்டார். வேலை செய்யத் தகுதியான உடல்நிலையில் உள்ளவரை எச்.ஐ.வி. காரணத்துக்காக மட்டும் ஒதுக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 1997ல் மும்பை உயர்நீதிமன்றம் கூறியது. அந்தத் தொழிலாளி தமது பெயரை மறைத்து வழக்காட அனுமதிக்கப்பட்டதும் அத்தீர்ப்பின் சிறப்பு. நீதி கேட்டு வருபவர்கூட முகத்தைக் காட்ட முடியாது என்பதை நீதிமன்றமே அன்று ஏற்றுக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, 2017 மார்ச்சில் அந்த அவையிலும் ஏப்ரலில் மக்களவையிலும் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு, பொது இடங்களின் பயன்பாடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. சுடுகாடு, இடுகாடு வரை இந்தப் பாதுகாப்பு நீள்கிறது. ஒருவரின் ஒப்புதலின்றி அவரது ரத்தத்தைப் பரிசோதிக்கக் கூடாது. பணிபுரியும் இடத்திலோ மருத்துவமனையிலோ அறிந்த தொற்று நிலையை, எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிப் பிறருக்குத் தெரிவிக்கக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைத் தூண்டும் வகையில் பேசினாலோ எழுதினாலோ மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

ஒவ்வொரு மாநில அரசும் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் புகாரை 30 நாட்களுக்குள்ளும், அவசர மருத்துவம் தொடர்பானதாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் தீர்க்க வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களிலும், இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் மருத்துவ நிறுவனங்களிலும் புகார் அதிகாரி இருக்க வேண்டும்.

சட்டத்தின் எழுத்து இவ்வளவு தெளிவாக இருந்தும், விதிகளை வகுத்து அதிகாரிகளை நியமிக்கப் பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டன. ராணுவ மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் தொற்றுக்கு ஆளான முன்னாள் விமானப்படை வீரருக்கு 1.54 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க 2023 செப்டம்பரில் உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், இந்தச் சட்டத்தை முறையாக நடைமுறைப்படுத்துமாறு மத்திய, மாநில அரசுகளுக்கும் கட்டளையிட வேண்டியிருந்தது. நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டுகள் கழித்தும் நீதிமன்றம் இதை நினைவூட்ட நேர்ந்தது என்பதே அரசுகளின் அக்கறையை அளக்கப் போதுமானது.

துணைவரின் உரிமை

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. ரகசியம் காப்பது தொற்று உள்ளவரின் உரிமை என்றால், அவருடைய மனைவி அல்லது கணவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

சட்டம் இதை ஒதுக்கிவிடவில்லை. தொற்றைப் பிறருக்குப் பரப்பாமலிருக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பது, தன் நிலையை அறிந்த ஒவ்வொருவரின் கடமை என்று அது கூறுகிறது. துணைவருக்கு ஆபத்து இருந்தும், ஆலோசனைக்குப் பின்னும் நோயாளி தாமே சொல்ல முன்வராவிட்டால், மருத்துவரோ ஆலோசகரோ துணைவரிடம் நேரில் தெரிவிக்கலாம். அப்போதும் அந்தத் தகவல் வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ இட்டுச் செல்லும் என்ற அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்களைப் பொறுத்தவரை, தெரிவிக்கக் கூடாது. துணைவரின் உரிமையைக் காக்கும் வழி ஆலோசனை மையத்தின் மூடிய அறைக்குள்ளேயே இருக்கிறது. அண்டை வீட்டாருக்கும் முதலாளிக்கும் அதில் இடமில்லை.

மருத்துவ அறிவியலும் இந்த விவாதத்தின் அடிப்படையை மாற்றிவிட்டது. தொற்று உள்ளவர் உரிய காலத்தில் மருந்தைத் தொடங்கினால், துணைவருக்குப் பரவும் வாய்ப்பு 96 சதவீதம் குறைகிறது என்பதை 2011ல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. ஒன்பது நாடுகளின் 1,763 தம்பதியர் பங்கேற்ற அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் புனேயும் அடங்கும். தொடர்ந்து மருந்து உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதி செய்தன. இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து வழங்கல் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. தொற்று கண்டறியப்பட்ட அனைவருக்கும் உடனே சிகிச்சை என்ற கொள்கை 2017ல் வந்தது.

எனவே பிறரைக் காப்பது பரிசோதனையும் மருந்துமே. பெயரைப் பகிரங்கப்படுத்துவது எவரையும் காப்பதில்லை. வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர் பரிசோதனைக்கே வரமாட்டார். வராதவருக்கு மருந்து இல்லை. மருந்து இல்லாதவரிடமிருந்தே தொற்று பரவுகிறது. ரகசியம் காப்பது பொதுச் சுகாதாரத்துக்கு எதிரானது என்ற வாதம் இங்கே நொறுங்கிப் போகிறது.

கூட்டாகச் சொன்னவர்கள்

சொல்வதே கூடாது என்பதும் இதன் பொருளல்ல. துணிந்து வெளியே சொன்னவர்களால்தான் இலவச மருந்தும் இந்தச் சட்டமும் வந்தன. ஆனால் அவர்கள் தனியாகச் சொல்லவில்லை என்பதைக் கொல்கத்தாவின் இரு நிகழ்வுகள் காட்டுகின்றன.

சோனாகாச்சிப் பெண்கள் 1995ல் உஷா கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க முயன்றபோது, உறுப்பினர்கள் நன்னடத்தை உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று யோசனை கூறப்பட்டது. பெண்கள் அதை ஏற்கவில்லை. பாலியல் தொழிலாளர்கள் என்ற அடையாளத்துடனேயே சங்கத்தைப் பதிவு செய்தனர். தனியொரு பெண் தன் தெருவில் சொல்லத் தயங்கும் உண்மையை, சங்கமாகத் திரண்ட பெண்கள் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தனர்.

இரண்டாவது நிகழ்வு தென் கொல்கத்தாவில் நடந்தது. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தி வரும் ஆஃபர் அமைப்பின் கல்லோல் கோஷ், அங்கு வளர்ந்த இளைஞர்களைக் கொண்டு 2018ல் ஜோத்பூர் பார்க் பகுதியில் 'கஃபே பாசிட்டிவ்' என்ற சிற்றுண்டிக் கடையைத் தொடங்கினார். பரிமாறுபவர்கள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்பதைக் கடையின் பெயரே அறிவித்தது. உணவாலோ தொடுதலாலோ இத்தொற்று பரவாது என்பதைச் சொற்பொழிவை விட ஒரு கோப்பை காபி எளிதாகப் புரிய வைத்தது. அந்த இளைஞர்களுக்குப் பின்னால் இல்லமும், சக ஊழியர்களும், மாதச் சம்பளமும் இருந்தன. சொன்னதால் இழப்பதற்கு எதுவுமில்லை என்ற நிலையை முதலில் உருவாக்கிய பிறகே அவர்கள் சொன்னார்கள்.

அடையாளத்தைக் காக்கும் பொறுப்பை அரசுக்கும் ஊடகங்களுக்கும் உணர்த்திய வழக்கும் இதே நகரில் பிறந்ததுதான். 1999ல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை, உச்சநீதிமன்றம் 2011ல் பொதுநல வழக்காக விரிவுபடுத்தியது. அதில் 2022 மே மாதம் பிறப்பித்த உத்தரவில், சோதனைகள், கைதுகளின்போது இப்பெண்களின் அடையாளம் வெளியாகாமல் ஊடகங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றது. அவர்களுக்கு வழங்கப்படும் ஆதார் அட்டையில் தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது என்றும் பணித்தது.

யார் சொல்ல வேண்டும்?

நாட்டில் இன்று ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்வதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் மருந்து உட்கொண்டு, வேலைக்குச் சென்று, குழந்தைகளை வளர்த்து, பிறரைப் போலவே வாழ்கின்றனர். அவர்கள் பேசுவதற்கு முன், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் பல உள்ளன. மாநிலத்தின் குறைதீர் அதிகாரி யார், அவரை எங்கே அணுகலாம் என்பதை அரசு சொல்ல வேண்டும். நோயாளியின் படுக்கையிலும் கோப்பிலும் அடையாளக் குறி இடுவதில்லை என்று மருத்துவமனைகள் சொல்ல வேண்டும். வேலையும் காப்பீடும் பறிபோகாது என்று நிறுவனங்கள் சொல்ல வேண்டும். ஆலோசனை தேவைப்படுவோருக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. அதில் பெயரைச் சொல்லாமலும் பேசலாம்.

இவை அனைத்தும் உறுதியாகும் வரை, தொற்று உள்ளவரின் மௌனத்தைப் பொய் என்று பழிப்பதற்கு எவருக்கும் தகுதியில்லை. அந்த மௌனம் அவருக்குச் சட்டம் தந்துள்ள பாதுகாப்பு. சமுதாயம் தர மறுத்த பாதுகாப்பும் அதுவே.